ஜாசினில் ஒரு படி, அலோர் காஜாவில் ஒரு படி

(மலாக்காவில் கோயில் நிர்வாகத்தினரும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டிலேயே சிறிய சர்வர் ஒன்றை வைத்து, குடும்பத்தின் கோப்புகளையும் கோயிலின் கோப்புகளையும் எப்படிக் காப்பது என்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். கணினி பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இயந்திரத்துக்கு வருகிறேன். அதற்கு முன், நம்முடைய பத்திரங்கள் இத்தனை காலம் யார் கையில் இருந்தன என்பதைப் பேசியாக வேண்டும். அதை எண்ணிப் பார்க்காமல் சர்வர் வாங்கினால் அலமாரியில் இன்னொரு பெட்டி சேரும், வேறு பயன் இருக்காது.

1896-இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர், தாவரவியலாளர் ரிட்லி கொடுத்த விதைகளைக் கொண்டு புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று போட்ட முதல் ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரங்களின் பின்னால் வந்ததே நம் பாட்டன் பூட்டன் வாழ்க்கை. கங்காணி ஊரில் ஆள் சேர்த்தார், கப்பல் ஏற்றினார், தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார். அதன்பின் அந்த மனிதரின் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் ஆபீசில் உட்கார்ந்திருந்த கிராணி.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகம் ஒன்று இருக்கும். யார் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார், எவ்வளவு சம்பளம், எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் அதில்தான். பிள்ளை பிறந்தாலும் ஆள் இறந்தாலும் முதல் தகவல் போவது அந்த ஆபீசுக்குத்தான். ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் ஒரே கட்டடத்தில், ஒரே படியாக, அவர் கைக்கு எட்டாத அலமாரியில் கிடந்தது. ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அந்தத் துண்டாடலைத் தாங்க முடியாமல்தான் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டித் தோட்டம் வாங்கினார். நிலம் போகாமல் காக்க அப்படி ஓர் இயக்கம் நடந்தது. பத்திரம் போகாமல் காக்க எந்த இயக்கமும் நடக்கவில்லை. தோட்டம் கைமாறியபோது செக்ரோல் புத்தகத்தைத் தொழிலாளியிடம் கொடுத்துவிட்டுப் போன முதலாளியை நான் கேள்விப்பட்டதில்லை.

கம்பெனிகள் தங்கள் காகிதங்களைக் காத்துக்கொண்டன. மலாயாவில் எத்தனையோ தோட்டங்களை நிர்வகித்த ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்டு கம்பெனியின் பழைய ஆவணங்கள் இன்றும் இலண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் எண் போட்டு அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. இயக்குநர் கூட்டக் குறிப்பு அங்கே பத்திரமாக இருக்கிறது. மரம் வெட்டியவருடைய பேரப்பிள்ளைகளோ பாட்டியின் பிறந்த தேதிக்கு ஒரு சான்று தேடி அலைகிறார்கள்.

அந்தச் சான்று ஏன் அவ்வளவு முக்கியம் என்று இளைய பிள்ளைகள் கேட்கலாம். 1948-இல் அவசரகாலத்தின்போது அடையாளப் பதிவு தொடங்கியது. 1957-இல் குடியுரிமைக் கேள்வி வந்தது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், காட்டு. நம் மாநிலத்தில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலாக்கா அன்று நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. இங்கே பிறந்தவர் அன்றைய சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜை. பூலாவ் செபாங்கையும் தம்பினையும் பிரிப்பது ஒரு மாநில எல்லைதான், நடந்தே கடந்துவிடலாம். ஆனால் தம்பின் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது, அங்கே பிறந்ததால் மட்டும் அந்த உரிமை கிடைக்கவில்லை. வேலைக்காக எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் குடியிருந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையின் சூராட் பெரானாக்குக்கு (பிறப்புப் பத்திரத்துக்கு) ஒரு மதிப்பு, இளைய பிள்ளையுடையதற்கு வேறு மதிப்பு. பத்திரம் இருந்தவர் நீல ஐ.சி. வாங்கினார். இல்லாதவர் சிவப்பு ஐ.சி.யோடு வயதாகிப் போனார். 2011-இல் மைடஃப்தார் என்று நாடு முழுவதும் முகாம் போட்டு நம் மக்களின் பிறப்புப் பத்திரம், ஐ.சி. சிக்கல்களுக்கு விண்ணப்பம் வாங்க வேண்டியிருந்தது என்றால், சுதந்திரம் வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் காயம் ஆறவில்லை என்றுதானே அர்த்தம்?

இப்போது இன்றைய வீட்டுக்கு வருவோம். தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்துவிட்டோம். கையில் நல்ல கைபேசி இருக்கிறது. அப்பாவின் சஷ்டியப்த பூர்த்திப் படங்கள், பிள்ளையின் எஸ்.பி.எம். சான்றிதழ், வீட்டுக் கிராண்ட், கோயில் கும்பாபிஷேகக் காணொளி என்று எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன. இவற்றை யார் காக்கிறார்கள்? புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பினால் படம் சுருங்கிப் போகிறது. கூகுள் தன் படக் கிடங்கில் அளவில்லா இலவச இடத்தை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இப்போது அஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜி.பி.தான். இரண்டு ஆண்டுகள் எவரும் நுழையாத கணக்கை அழிக்கும் விதியை 2023 டிசம்பரில் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அப்பா தவறிவிட்டார். அவருடைய கைபேசியை யாரும் திறக்கவில்லை, கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. முதல் திதி கொடுக்கிறோம், இரண்டாம் திதி கொடுக்கிறோம். அதற்குள் அவர் எடுத்த படங்கள் அத்தனையும் போகும் காலம் வந்துவிடுகிறது. கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. அது தன் விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அலமாரி நம்முடையதாக இல்லை, செக்ரோல் காலத்தைப் போலவே.

வீட்டு சர்வர் என்பது நம்முடைய அலமாரி. அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கணினி, அதற்குள் ஒன்றிரண்டு பெரிய வன்தட்டு, வீட்டு மோடத்தோடு ஒரு கம்பி. அம்மா கைபேசியில் படம் எடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் அந்தப் படம் தானாகப் பெட்டிக்குள் ஒரு படி போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பாவின் கணினி, அக்காவின் மடிக்கணினி எல்லாவற்றிலும் ஒரே பொதுக் கோப்புறை தெரியும். சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி அங்கிருந்தே திறந்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு அனுமதி. பிள்ளைகள் படங்களைப் பார்க்கலாம், வீட்டுக் கிராண்டை அழிக்க முடியாது.

புதுப்பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. தைவான் நிறுவனங்களான சினாலஜி, கியூநாப் ஆகியவற்றின் ஆயத்தப் பெட்டிகள் நல்லவைதான், காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டதிலிருந்து, அலுவலகங்கள் நல்ல நிலையில் இருக்கும் கணினிகளைக் கழிக்கின்றன. கடையில் மலிவாகக் கிடைக்கும். அதில் லினக்ஸில் அமைந்த ஓபன் மீடியா வால்ட் அல்லது ட்ரூநாஸ் ஏற்றினால் நல்ல சர்வர். படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட். இவற்றுக்கு ஒரு காசு உரிமக் கட்டணம் இல்லை. விண்டோஸ் கணினியும் லினக்ஸ் கணினியும் கோப்பைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சாம்பா என்ற மென்பொருளை முதலில் எழுதி 1992-இல் வெளியிட்டவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலிய மாணவர். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்கும் அவர் பங்கு கொண்டு எழுதியதே. அதை 1996-இல் வெளியிட்டார். இரண்டையும் உலகத்துக்குச் சும்மா கொடுத்தார். மெர்லிமாவில் ஒரு வீட்டில் தாத்தாவின் படம் இன்று காக்கப்படுவதற்கு அந்த மனிதரும் ஒரு காரணம். இப்படிப்பட்டவர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மின்கட்டணத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு. சின்னக் கணினி சராசரியாகப் பத்து வாட் இழுக்கும். இரவு பகலாக ஓடினாலும் முப்பது நாளில் 7.2 யூனிட். பழைய பெரிய கணினி இதைப்போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு கேட்கும். ஆகவே வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். இடத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கைபேசிப் படம் ஒன்று நான்கு எம்.பி. என்று வைத்தால் ஒரு டி.பி. வன்தட்டில் இரண்டரை லட்சம் படங்கள். இடத்தை விழுங்குவது கல்யாணக் காணொளிதான்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த முக்கியமான இடம். கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள்.

வீட்டில் சர்வர் வைத்தவர்களில் பலர், பெட்டிக்குள் இரண்டு வன்தட்டு இருக்கிறது, ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூவர் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் பரவியது. ஒரு வன்தட்டு செத்தாலும் சேவை நிற்காமல் ஓட வேண்டும் என்பதே அதன் நோக்கம். வன்தட்டு சாகத்தான் செய்யும். லட்சக்கணக்கான வன்தட்டுகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் ஆண்டுக்குச் சாகின்றன. ரெய்டு அதற்கு மருந்து. ஆனால் பேரன் தெரியாமல் ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டு வன்தட்டிலும் ஒரே நொடியில் அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்து கருகும். திருடன் தூக்கினால் பெட்டியோடு போகும். ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வன்தட்டைக் காப்புப்படி என்று கணக்கில் எழுதாதீர்கள். கைபேசியும் பெட்டியும் ஒன்றையொன்று பார்த்து மாறிக்கொள்ளும் ஒத்திசைவும் அப்படித்தான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

அழித்ததை மீட்க, பெட்டியில் நாள்தோறும் ஒரு நிலைப்பதிவு எடுத்து வைக்கும் வசதி உண்டு. நேற்று இருந்தபடி, போன வாரம் இருந்தபடி திரும்பப் பார்க்கலாம். அதைக் கட்டாயம் திறந்து வையுங்கள். பணம் பறிக்கும் வைரஸ் கோப்புகளைப் பூட்டிவிட்டாலும் பெரும்பாலும் முந்தின நாள் படி அதில் இருக்கும். வைரஸ் என்றதும் இன்னொன்று. வெளியூரிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சர்வரின் கதவை நேரே இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அடிபட்டதில் வீட்டுக்காரர்களும் சிறுகடைக்காரர்களும் ஏராளம். வெளியிலிருந்து வருகிறவர் வயர்கார்டு போன்ற தனிவழியில்தான் வர வேண்டும். தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு மாலையில் அமைத்துக்கொள்ளலாம்.

இடியைச் சொன்னேன். உலகிலேயே இடி மின்னல் அதிகம் உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் செம்புக் கம்பி வழியாக மின்னல் வந்து மோடம் வெடித்தது பலருக்கு நினைவிருக்கும். இப்போது கண்ணாடி இழை. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின்கம்பி வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஒரு யூ.பி.எஸ்., நல்ல மின்னெழுச்சித் தடுப்பு, இரண்டும் வேண்டும். பிறகு தண்ணீர். 2022 தொடக்கத்து வெள்ளத்தை இந்த மாநிலம் மறக்கவில்லை. ஜாசின், அலோர் காஜா பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் துயர்துடைப்பு மையத்துக்குப் போயின. பெட்டியை மோடத்தின் பக்கத்தில் தரையில் வைக்காதீர்கள். தோள் உயரத்தில் பலகை அடித்து வையுங்கள்.

இத்தனை செய்தாலும் ஒரு வீடு ஒரு வீடுதான். தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசாங்கத்தின் தரவு மையம் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற கிடங்கு, 858 டி.பி., எரிந்து போனது. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே வேறெங்கும் அதற்குப் படி எடுக்கவில்லை. உலகத்துக்கே சில்லு செய்து கொடுக்கும் நாடு அது. இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று 1998-இல் நடந்தது. பிக்ஸார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு கட்டளையைத் தவறாகக் கொடுக்க, படத்தின் கோப்புகள் வரிசையாக அழிந்தன. நாடாவில் இருந்த காப்புப்படியும் சரியாக வேலை செய்யவில்லை. நிறுவனத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கணினி. கைக்குழந்தை இருந்ததால், வீட்டிலிருந்து வேலை செய்வதற்காக ஒரு படியை வீட்டில் வைத்திருந்தார். கட்டடம் வேறு, கை வேறு. அந்தப் படி பிழைத்ததற்கு வேறு காரணம் இல்லை.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி ஒன்று உண்டு. மூன்று படி, இரண்டு வகைக் கருவி, ஒரு படி வேறோர் இடத்தில். எல்லோரும் தடுக்கி விழுவது மூன்றாவதில். வேறோர் இடம் எங்கே? மாதாமாதம் மேகக் கிடங்குக்குப் பணம் கட்டலாம். ஆனால் நமக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. நமக்கு உறவு இருக்கிறது. ஜாசினில் அண்ணன் வீடு, அலோர் காஜாவில் தங்கை வீடு. இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு சின்ன சர்வர். அண்ணன் வீட்டுப் படி தங்கை வீட்டில், தங்கை வீட்டுப் படி அண்ணன் வீட்டில். ரெஸ்டிக் போன்ற மென்பொருள் கோப்புகளை அனுப்புவதற்கு முன்பே பூட்டிவிடும். தங்கை வீட்டு மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து பார்த்தாலும் அண்ணனின் சம்பளச் சீட்டு தெரியாது. சொந்தத்துக்குள்ளும் மரியாதைக்குரிய தூரம் இருக்கட்டும். உறவு நிலைப்பதற்கும் அது நல்லது.

முதல் படியை இணையத்தில் அனுப்பப் பார்க்காதீர்கள். வீட்டு இணையத்தில் ஏற்றும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. 500 ஜி.பி.யை நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம். 10 மெகாபிட் என்றால் நான்கரை நாளுக்கு மேல். வன்தட்டைத் துண்டில் சுற்றி, காரில் வைத்து, ஏ.எம்.ஜே. நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய்க் கொடுத்துவிடுங்கள், அரைநாளில் வேலை முடியும். அதன்பின் அன்றன்றைக்குச் சேர்ந்தது மட்டும் இரவில் தானாகப் போகும். தீபாவளிக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது, ஏதாவது ஒரு கோப்பை அங்கிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப்படியை நான் நம்புவதில்லை. கடையில் என் மேசைக்கு வரும் செத்த வன்தட்டுகளில் பாதிக்கு, பேக்கப் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடவே வருகிறது.

எல்லா வீட்டுக்கும் சர்வர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கெமெண்டோர், தெபோங் பக்கத்துத் தோட்டத்தில் கைபேசி இணையத்தை மட்டும் நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அது சுமை. பராமரிக்க ஆள் இல்லாத வீட்டில் ஓடும் சர்வர், இல்லாததைவிட ஆபத்து. அவர்களுக்கு வெளியே செருகும் வன்தட்டு இரண்டு போதும், ஒன்று வீட்டில், ஒன்று பட்டணத்துச் சொந்தக்காரர் வீட்டில். பட்டணத்தில் சர்வர் வைத்திருப்பவர்கள், தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா பெரியப்பா வீட்டுப் பத்திரங்களுக்கும் ஒரு கோப்புறை ஒதுக்குங்கள். அதற்காகும் இடம் கால் காசு பெறாது. நல்ல வருடியில் 300 புள்ளி அடர்த்தியில் எடுத்தால் ஒரு பக்கம் ஒரு எம்.பி. அளவுதான் வரும்.

வருடி எடுக்கும்போது பெயரில் கவனம் வேண்டும். கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் நம்முடையவை. ஒரே அம்மா பிறப்புப் பத்திரத்தில் லெச்சுமி, கல்யாணப் பத்திரத்தில் லெட்சுமி, ஐ.சி.யில் லட்சுமி. ஓரெழுத்து மாறியதற்காகச் சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்த குடும்பங்கள் இங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பத்திரத்தில் உள்ள எழுத்தையே போடுங்கள், திருத்தாதீர்கள். வீட்டில் கூப்பிடும் பெயரையும் கூடவே சேருங்கள். பழைய ஐ.சி. எண், 1990 தொடங்கி வந்த பன்னிரண்டு இலக்க எண், இரண்டையும் ஒரே தாளில் எழுதி அதையும் சேமியுங்கள். பின்பக்கத்தில் எதுவும் இல்லை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். முத்திரையும் பதிவு எண்ணும் பல நேரம் பின்பக்கத்தில்தான் இருக்கும். எழுபது, எண்பதுகளின் படங்களுக்குப் பின்னால் தேதியும் தோட்டத்துப் பெயரும் பென்சிலில் எழுதியிருக்கும். படத்தை எடுத்துவிட்டு அந்த எழுத்தை விட்டால் பாதிச் செய்தி போய்விடும். வீடியோ கேசட்டில் கிடக்கும் கல்யாணங்களை இந்த ஆண்டே மாற்றுங்கள். நம் ஈரக் காற்றில் நாடா பூசணம் பிடிக்கிறது, ஓட்டிப் பார்க்கும் கருவியும் சந்தையில் அற்றுப்போய்விட்டது.

தமிழில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளுக்குத் தனி வைத்தியம் தேவை. கணினித் தமிழில் நம் நாடு முன்னோடி. முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில்தான் தொண்ணூறுகளில் கோயில் அறிக்கை, பள்ளி மலர், திருமண அழைப்பு எல்லாம் தட்டினோம். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருக்கும் அந்தக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டது என்று அழிக்காதீர்கள். அது மீட்கக்கூடியதே. யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். மாற்றியதையும் வையுங்கள், மூலத்தையும் வையுங்கள்.

கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வார்த்தை. இந்த ஊர்ப் பொய்யாத விநாயகர் கோயில் 1781-இல் எழுந்தது. காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் அதைவிடப் பழைய மரபைச் சுமந்து வாழ்கிறார்கள். அவர்களுக்கு வரலாறு எழுதப்பட்டுவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் முனீஸ்வரர் கோயிலுக்கும் யார் எழுதினார்கள்? நிலம் தோட்டத்துடையது, கோயில் நம்முடையது என்றே காலம் ஓடியது. நிலம் கைமாறி, கோயிலை எடுக்கச் சொல்லும்போது, எத்தனை ஆண்டாக இங்கே பூசை நடக்கிறது என்பதைக் காட்ட நம்மிடம் இருப்பது என்ன? பழைய திருவிழா நோட்டீஸ், வரிப்பணம் எழுதிய கணக்குநோட்டு, உபயக்காரர் ரசீது, வாசலில் நின்று எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இவைதான் பேச்சுவார்த்தை மேசையில் நமக்காகப் பேசும். அவை இப்போது முன்னாள் செயலாளர் வீட்டு மேற்கூரைக்குக் கீழே கரையானோடு இருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதே நிலைதான். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இடம் மாறிய பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடு, வகுப்புப் படங்கள், பள்ளி வாரியக் கூட்டக் குறிப்புகள் மாறும்போதே சிதறுகின்றன.

யாழ்ப்பாணத்தில் 1981-இல் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2005-இல், ஈழத்து இளைஞர்கள் ‘நூலகம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, எஞ்சியிருந்த புத்தகம், இதழ், துண்டுப்பிரசுரம் எல்லாவற்றையும் எண்ணிம வடிவில் சேர்த்தார்கள். எரிந்த பிறகு திரட்டுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். நமக்குத் தீ வைக்க எவரும் வரவில்லை. கரையானும் ஈரமும் மறதியும் போதுமானதாக இருக்கின்றன. எனக்கு உண்மையில் கோபம் வருவது இதில்தான்.

மறுபடி சர்வருக்கு வருவோம். பெட்டியின் சாவி, அதாவது கடவுச்சொல், ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இதை அமைப்பது பெரும்பாலும் மூத்த மகன். கடவுச்சொல் அவன் தலைக்குள். அவன் சிங்கப்பூருக்குப் போனால், அல்லது அவனுக்கு ஒன்று ஆனால், பூட்டிய படிகள் பூட்டியபடியே கிடக்கும். பூட்டுச்சொல் இல்லாமல் அவற்றைத் திறக்க உலகத்தில் எவராலும் முடியாது, என்னாலும் முடியாது. காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுக் கிராண்ட் இருக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும். நான் பார்த்த வரையில், எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்லக்கூடியவர் வீட்டில் அவர்தான். பொறுப்பையும் அவரிடமே கொடுங்கள், இளைய பிள்ளை பக்கத்தில் இருந்து உதவட்டும்.

கடைசியாக, உங்களிடம் இரண்டு விண்ணப்பம். குடும்பத்தாரே, வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்வர் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் மூத்தவரின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், ஐ.சி., பழைய சம்பளச் சீட்டு இவற்றை வருடியில் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஓர் உறவினர் வீட்டு வன்தட்டில் ஒரு படி வைத்துவிடுங்கள். பெட்டி அடுத்த மாதம் வரட்டும். கோயில் பொறுப்பாளர்களே, பள்ளி வாரியத்தாரே, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: நம் ஆவணங்கள் அனைத்துக்கும் இரண்டு வெவ்வேறு ஊர்களில் படி இருக்க வேண்டும், செயலாளர் மாறும்போது கணக்குநோட்டோடு சேர்த்து அந்தப் படிகளும் கடவுச்சொல்லும் கூட்டத்தின் முன்னிலையில் ஒப்படைக்கப்பட வேண்டும். அமைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.